எட்டாம் வகுப்புக்குக் காக்கி யூனிஃபார்ம்... போலீஸ்கிட்ட லீடர்ஷிப் கத்துக்கலாமா?

"ஒழுங்கா சாப்பிடு, இல்லைன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்!"

இந்த டயலாக்கைக் கேட்காம வளர்ந்தவங்க நம்மில் யாராவது இருக்கீங்களா? பூச்சாண்டிக்கு அடுத்தபடியா, நம்ம வீடுகள்ல சோறு ஊட்டுறதுக்கு அதிகம் உதவினவர் போலீஸ்காரர்தான். பூச்சாண்டின்னு யாரும் இல்லைங்கிறது ஒரு வயசுல நமக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா, போலீஸ் பயம் மட்டும் காலேஜ் வரைக்கும், வேலைக்குப் போற வரைக்கும் கூடவே வருது.

சின்னதா ஒரு டெஸ்ட். பஸ்ல உங்க மொபைல் காணாமப் போயிடுச்சு. நேரா ஸ்டேஷனுக்குப் போவீங்களா, இல்லை "ஸ்டேஷன்ல யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"ன்னு ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல மெசேஜ் போடுவீங்களா? இரண்டாவது ஆப்ஷன்னா, கவலைப்படாதீங்க. நம்மில் பலரும் அந்த ரகம்தான்.

இந்தப் பயத்தைப் பள்ளிக்கூடத்திலேயே உடைக்கணும்னுதான் காவல்துறையே முன்வந்து பல திட்டங்களை நடத்துது. பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் கொடுக்குறாங்க, அணிவகுப்பு சொல்லித்தர்றாங்க, சட்டம் சொல்லித்தர்றாங்க, "நீங்கதான் நாளைய தலைவர்கள்"னு சொல்றாங்க. இதுல இந்தியாவுக்கே முன்னோடி, பக்கத்து மாநிலமான கேரளாவின் 'ஸ்டூடன்ட் போலீஸ் கேடட்' திட்டம். சுருக்கமா, எஸ்.பி.சி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, போலீஸ் சொல்லித்தர்ற லீடர்ஷிப்னா என்ன? சொன்ன பேச்சைக் கேட்கிறதா, இல்லை சரியான நேரத்துல சரியான கேள்வியைக் கேட்கிறதா? இந்தத் திட்டங்கள் ஜெயிக்கிறதும் தோற்கிறதும் இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு. கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

ஃபெயிலான பையன் போட்ட விதை

எஸ்.பி.சி திட்டத்தின் மூளையா இருந்தவர் பி.விஜயன் ஐ.பி.எஸ். கோழிக்கோடு பக்கத்துல ஏழைக் குடும்பத்துல பிறந்தவர். பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் முறை தோற்றார். படிப்பு நின்னுபோய் கட்டட வேலைக்குப் போனார், சோப்பு விற்றார். அப்புறம் திரும்பவும் படிச்சு, பட்டம் வாங்கி, 1999-ம் வருட பேட்ச்சில் ஐ.பி.எஸ் ஆனார். சபரிமலைக்குப் போற நம்ம ஊர் சாமிகளுக்கு இவரோட இன்னொரு வேலை தெரிஞ்சிருக்கும். பக்தர்களே சேர்ந்து மலையைச் சுத்தம் செய்யும் 'புண்ணியம் பூங்காவனம்' இயக்கத்தை 2011-ல் தொடங்கியவரும் இவர்தான்.

கொச்சியில் சின்ன அளவில் சோதிச்சுப் பார்த்த யோசனை, 2010 ஆகஸ்ட் 2-ம் தேதி கேரளா முழுக்க 127 பள்ளிகளில் எஸ்.பி.சி-யாகத் தொடங்கியது. இன்னைக்கு அது ஆயிரத்தை ஒட்டிய பள்ளிகளில் நடக்குது. உள்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து நடத்துற திட்டம் இது. போக்குவரத்து, வனம், கலால், உள்ளாட்சித் துறைகளும் கைகொடுக்குது.

எப்படி நடக்குது? ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் 44 பேரைத் தேர்ந்தெடுக்குறாங்க. பாதிப் பேர் பெண்கள். ரெண்டு வருஷப் பயிற்சி. அதே பள்ளியின் ஆசிரியர்கள் ரெண்டு பேர் பொறுப்பாளர்கள். பக்கத்து ஸ்டேஷன்லேர்ந்து ஓர் ஆண் போலீஸ், ஒரு பெண் போலீஸ் வந்து டிரில் சொல்லித்தர்றாங்க. வாரத்துல ரெண்டு நாள் உடற்பயிற்சியும் அணிவகுப்பும் வகுப்பும். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கேம்ப்.

அணிவகுப்பு மட்டும்தான்னா, அதுக்கு என்.சி.சி போதுமே! எஸ்.பி.சி-யின் சுவாரஸ்யமே மைதானத்துக்கு வெளியேதான். சாலைப் பாதுகாப்புக்கு ஒரு புராஜெக்ட், மரம் வளர்க்க ஒரு புராஜெக்ட், போதைப்பொருளுக்கு எதிரா ஒரு புராஜெக்ட். 'ஃப்ரெண்ட்ஸ் அட் ஹோம்'னு ஒண்ணு இருக்கு. உடல்நிலை காரணமா வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பிள்ளைகளை, கேடட்கள் அவங்க வீட்டுக்கே போய் பார்த்து, பேசி, விளையாடி நண்பராகுறாங்க. 13 வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய லீடர்ஷிப் பாடம் என்ன இருக்க முடியும்?

நீதிமன்றம் எப்படி இயங்குது, ஸ்டேஷன்ல யார் என்ன வேலை பார்க்குறாங்கன்னு நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்குது. நம்மில் பலர் முதல்முறையா ஸ்டேஷன் வாசலை மிதிப்பது பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்குத்தான். அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே உள்ளே போய் சுத்திப் பார்த்துட்டு வர்றாங்க.

டெல்லிக்குப் போன திட்டம், மெலிஞ்சு வந்தது

கேரளாவில் பேர் வாங்கின திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக மத்திய உள்துறை முடிவு பண்ணியது. 2018 ஜூலை 21-ம் தேதி, அப்போதைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், ஹரியானாவின் குருகிராமில் தேசிய அளவில் எஸ்.பி.சி-யைத் தொடங்கி வச்சார். மாநிலங்களுக்கு 67 கோடி ரூபாய். எட்டு, ஒன்பதாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்கள்தான் இலக்கு. பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. குற்றத் தடுப்பு, நல்லொழுக்கம்னு ரெண்டு பெரிய தலைப்பு.

இதுவரைக்கும் சரி. அடுத்த விஷயத்தைக் கவனிங்க. தேசியத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது மாதத்துக்கு ஒரு வகுப்பு. பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது 50,000 ரூபாய். கல்வி உபகரணம், பயிற்சி, சில்லறைச் செலவு எல்லாமே அதுக்குள்ளதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கேரளா மாதிரி 44 பேர்னு வச்சுக்கிட்டா, ஒரு பிள்ளைக்கு சுமார் 1,136 ரூபாய். ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கவே சரியாப்போயிடும். கேரளாவில் பலன் கொடுத்ததா சொல்லப்படுறது வாரம் ரெண்டு முறை, ரெண்டு வருஷம் தொடர்ந்து ஒரே போலீஸ் அக்காவையும் அண்ணனையும் பார்த்துப் பழகுறதால. அது மாதம் ஒரு வகுப்புன்னு சுருங்கும்போது, பேர் அதேதான்; உள்ளே இருக்கிற சரக்கு வேற. ஒருத்தர் மேல நம்பிக்கை வர, அவரை அடிக்கடி பார்க்கணும் இல்லையா?

சென்னையின் 'சிற்பி'

தமிழ்நாட்டுக்கு வருவோம். போலீஸும் பிள்ளைகளும் சேர்ந்து இயங்குறது நமக்குப் புதுசு இல்லை. சென்னையின் குடிசைப் பகுதிகளில் பல பத்தாண்டுகளாக 'போலீஸ் பாய்ஸ் கிளப்' இருக்கு. பெண் பிள்ளைகளும் சேர்ந்த பிறகு 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப்' ஆச்சு. கேரம் போர்டு, விளையாட்டு, சாயங்கால டியூஷன். பெரிய விளம்பரம் இல்லாம ஓடிக்கிட்டிருக்கும் விஷயம்.

2022 செப்டம்பர் 14-ம் தேதி சென்னை பெருநகரக் காவல்துறையின் 'சிற்பி' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வச்சார். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர், மொத்தம் 5,000 எட்டாம் வகுப்பு மாணவர்கள். ஒதுக்கீடு 4.25 கோடி ரூபாய். இதையும் வகுத்துப் பார்த்தா ஒரு பிள்ளைக்கு 8,500 ரூபாய். தேசியத் திட்டத்தோடு ஒப்பிட்டா பல மடங்கு. சிறார்கள் குற்றங்கள் பக்கம் போகாம தடுக்கணும், பொறுப்பான குடிமக்களாக்கணும் என்பதுதான் நோக்கம்.

இங்கேதான் நம்ம முதல் கேள்வி எழுது. "குற்றத்தின் பக்கம் போகாம தடுக்கணும்"னா, போற அபாயத்தில் இருக்கிற பிள்ளைதானே முதல்ல உள்ளே வரணும்? யார் உள்ளே வர்றாங்க?

ஃபர்ஸ்ட் பெஞ்ச்சா, லாஸ்ட் பெஞ்ச்சா?

"50 பேரைத் தேர்ந்தெடுங்க"ன்னு ஒரு பள்ளிக்குச் சொன்னா, ஆசிரியர் மனசுல முதல்ல யார் முகம் வரும்? கிளாஸ் லீடர். நல்லா படிக்கிற பொண்ணு. ஸ்போர்ட்ஸ்ல கப் வாங்கின பையன். பள்ளியோட மானம் காப்பாத்துற பிள்ளைகள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து போலீஸ் அதிகாரி வர்றார்னா, எந்த ஸ்கூலும் தன் பெஸ்ட் பிள்ளைகளைத்தான் முன்னால நிறுத்தும்.

கேரளாவிலும் எழுத்துத் தேர்வு, உடற்தகுதித் தேர்வு வச்சுத்தான் கேடட்களை எடுக்குறாங்க. கேடட்களுக்குப் பத்தாம் வகுப்பில் கருணை மதிப்பெண்ணும் உண்டு. விளைவு? போட்டி கூடுது, பெற்றோர் ஆர்வம் கூடுது, நல்லா படிக்கிற பிள்ளை முன்னுக்கு வருது. இப்போ யோசிச்சுப் பாருங்க. பத்தாம் வகுப்பில் தோற்று, கட்டட வேலைக்குப் போன அந்தப் பையன் விஜயன், இன்னைக்கு எட்டாம் வகுப்பில் இருந்தா, அவர் உருவாக்கிய திட்டத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருப்பாரா?

இதுக்கு ஒரு வழி பிரிட்டனில் இருக்கு. அங்கே 13 முதல் 18 வயது வரை உள்ளவங்களுக்கான 'வாலன்டியர் போலீஸ் கேடட்ஸ்' திட்டம், நாலில் ஒரு பங்கு கேடட்கள் நெருக்கடியான சூழலில் இருந்து வர்றவங்களா இருக்கணும்னு ஓர் இலக்கு வச்சிருக்கு. குற்றத்துக்குப் பலியாகவோ, சமூகத்தால் ஒதுக்கப்படவோ வாய்ப்புள்ள பிள்ளைகள் இவங்க. மீதி முக்கால்வாசி எல்லா வகைப் பிள்ளைகளும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 'பிரச்னைப் பிள்ளைகளுக்கு மட்டும்'னு ஒரு குரூப் ஆரம்பிச்சா, அதுல சேர்றதே அவமானமாயிடும். எல்லாரும் கலந்திருந்தா யார் எதுக்காக வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது.

நம்ம ஊர்ல கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிற, அடிக்கடி லீவ் போடுற, அப்பா குடிக்கிறதால ராத்திரி தூங்காம வர்ற பையனுக்கு அந்த 50-ல் ஓர் இடம் இருக்கா? இந்தத் திட்டங்களை அளக்க முதல் அளவுகோல் இதுதான்.

மேடைப் பேச்சு போதைக்கு மருந்தாகுமா?

அடுத்தது, பலன். போலீஸ் வகுப்பறைக்கு வந்து பேசினா பிள்ளைகள் மாறிடுவாங்களா?

அமெரிக்கா இதை ரொம்ப பெரிய அளவில் செஞ்சு பார்த்திருக்கு. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையும் அந்த ஊர்ப் பள்ளிக் கல்வி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்'னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. யூனிஃபார்ம் போட்ட போலீஸ் அதிகாரி வகுப்புக்கு வருவார், போதையின் கெடுதலைச் சொல்வார், "வேண்டாம்னு சொல்லு"ன்னு பழக்குவார். பெற்றோருக்குப் பிடிச்சது, போலீஸுக்குப் பிடிச்சது, அரசியல்வாதிகளுக்கும் பிடிச்சது. நாடு முழுக்கப் பரவுச்சு. டி-ஷர்ட்கூட ஃபேமஸ் ஆச்சு.

ஆனா, 1990-களில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து அளந்து பார்த்தப்போ, அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கும் போகாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கிற மாதிரி நீடித்த வித்தியாசம் எதுவும் இல்லை. 2001-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கையே இதைப் பலன் தராத திட்டங்களின் பட்டியலில் வச்சது. அப்புறம்தான் அவங்க பாடத்தை மாத்தினாங்க. 2009-ல் இருந்து பயமுறுத்துற லெக்சரைக் குறைச்சு, நண்பன் வற்புறுத்தினா எப்படி மறுக்கிறது, எப்படி முடிவெடுக்கிறதுன்னு பிள்ளைகளே நடிச்சு, பேசிப் பழகும் முறைக்குப் போனாங்க.

நமக்கு இதுல என்ன பாடம்? கூல் லிப், கஞ்சா, மாத்திரைன்னு பள்ளி வாசல் வரைக்கும் பிரச்னை வந்திருக்கிற நேரத்துல, நம்ம காவல்துறையும் ஊர் ஊரா விழிப்புணர்வுக் கூட்டம் போடுது. எல்லாரும் எழுந்து நின்னு உறுதிமொழி எடுக்குறாங்க, போட்டோ எடுக்குறாங்க, முடிஞ்சுது. உறுதிமொழி எடுக்க ரெண்டு நிமிஷம் போதும். ஆனா, அன்னைக்குச் சாயங்காலமே டீக்கடைப் பக்கம் ஃப்ரெண்ட் ஒரு பொட்டலத்தை நீட்டும்போது என்ன சொல்றதுன்னு அந்தப் பையனுக்குப் பழகியிருக்கணுமே! அது ஒரு நாள் கூட்டத்துல வராது. திட்டம் எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததுன்னு மட்டும் எண்ணாம, என்ன மாறியிருக்குன்னு யாராவது அளக்கணும். நம்மூரில் இன்னும் பழகாத வேலை அது.

"போட்டுக் கொடுக்கிறவன்" ஆக்கிடாதீங்க!

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயம். கேடட் பையனுக்கு, கூடப் படிக்கிறவன் பையில் புகையிலைப் பொட்டலம் இருக்கிறது தெரியுது. அவன் என்ன பண்ணணும்? போலீஸ்கிட்ட சொன்னா, நாளைக்கு அவன் பேர் 'போட்டுக் கொடுக்கிறவன்'. சொல்லலைன்னா, பயிற்சிக்கு என்ன அர்த்தம்?

போலீஸுக்கு நண்பரா இருக்கிறதுக்கும் போலீஸோட கையாள் ஆகிறதுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லிசு. அந்தக் கோடு அழிஞ்சா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1993-ல் ராமநாதபுரத்தில், அப்போ அங்கே எஸ்.பி-யாக இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல எண்ணத்தில் பிறந்த அமைப்பு. மக்களையும் காவல்துறையையும் நெருங்க வைக்கணும்னு ஆரம்பிச்சது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வச்சிருந்த பென்னிக்ஸும் அவர் அப்பா ஜெயராஜும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தாங்க. நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்தில், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர்களுக்கும் பங்கு இருந்ததா புகார் எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அதுக்குத் தடை போட்டுச்சு.

அவங்க பெரியவங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அதோட ஒப்பிட முடியாதுதான். ஆனா, ஒரு பாடம் எடுத்துக்கலாம். தகவல் சொல்றதும், காவலுக்கு நிற்கிறதும், கூட்டத்தைக் கட்டுப்படுத்துறதும் பிள்ளைகளோட வேலை இல்லை. கேடட் பையன் செய்ய வேண்டியது, அந்த நண்பனை நம்பிக்கையான ஓர் ஆசிரியர்கிட்டயோ, கவுன்சலர்கிட்டயோ கூட்டிட்டுப் போறது. அப்படிக் கூட்டிட்டுப் போனா, அந்த நண்பன் மேல கேஸ் வராது, உதவிதான் வரும்னு பெரியவங்க உத்தரவாதம் கொடுத்திருக்கணும். அந்த உத்தரவாதம் இல்லாத பள்ளியில், கேடட் யூனிஃபார்ம் நட்பை முறிக்கும்.

யூனிஃபார்ம்... பிள்ளைக்குப் போடலாம், போலீஸ் கழட்டணும்!

காக்கி போட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்குறாங்க. வீட்டுல போட்டோ எடுத்து ஃப்ரேம் போடுறாங்க. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை வித்தியாசம் அந்த ரெண்டு மணி நேரம் மறையுது. இதெல்லாம் உண்மை.

அதே யூனிஃபார்ம் வேற கேள்விகளையும் கொண்டுவருது. கேரளாவில் ஒரு முஸ்லிம் மாணவி, எஸ்.பி.சி சீருடையோடு முழுக்கைச் சட்டையும் ஹிஜாபும் அணிய அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றம் அரசை அணுகச் சொன்னது. மத அடையாளங்களைச் சீருடையில் அனுமதிச்சா மதச்சார்பின்மை பாதிக்கும்னு சொல்லி, 2022 ஜனவரியில் அரசு மறுத்தது. 'எல்லாருக்கும் ஒரே உடைதான் சமத்துவம்'னு ஒரு தரப்பு. 'அந்த உடையால ஒரு பொண்ணு வெளியே நிற்க வேண்டி வந்தா, அது எப்படி எல்லாருக்குமான திட்டம்?'னு இன்னொரு தரப்பு. நீங்க எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனா, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தர் தன் உரிமைக்காக விதிகளின்படி மனு போட்டு, நீதிமன்றம் வரை போனார் பாருங்க... எஸ்.பி.சி சொல்லித்தர நினைக்கிற லீடர்ஷிப்பில் அதுவும் ஒரு வகைதானே?

யூனிஃபார்ம் பற்றி நம்ம சட்டமே ஒரு விஷயம் சொல்லுது. போக்சோ சட்டம், 2012. அதோட 24-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தைகிட்ட வாக்குமூலம் வாங்கும்போது போலீஸ் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. குழந்தையோட வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோதான் வாங்கணும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வச்சிருக்கக் கூடாது. காக்கியைப் பார்த்தா குழந்தை பயப்படும்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

இதே சட்டத்தை ஒரு கேடட் பிள்ளைக்கு அதே போலீஸ் அக்கா சொல்லித்தந்தா எப்படி இருக்கும்? "நாளைக்கு உனக்கோ உன் ஃப்ரெண்டுக்கோ ஒண்ணு நடந்தா, நாங்க யூனிஃபார்மில் வந்து கேள்வி கேட்கக் கூடாதுடா. அப்படி யாராவது வந்தா, நீ தைரியமா சொல்லலாம்"னு அவங்க சொன்னா? அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு போலீஸ் மேல உண்மையான மரியாதை வரும். ஏன்னா, தன் அதிகாரத்தோட எல்லையைத் தானே சொல்லித்தர்ற ஆளை யாரும் மறக்க மாட்டாங்க.

சல்யூட் சரி... கேள்வி?

டிரில் கெட்ட விஷயம் இல்லை. நேரத்துக்கு வர்றது, கூட நிற்கிறவன் காலோட நம்ம காலைச் சேர்த்து வைக்கிறது, வெயிலைத் தாங்கிறது... இதெல்லாம் வாழ்க்கைக்கு உதவும். ஆனா, டிரில் மைதானத்தில் கட்டளை ஒரு திசையில்தான் போகும். மேலேர்ந்து கீழே. லீடர்ஷிப் வகுப்பில் கேள்வி கீழேர்ந்து மேலே போகணும். "சார், ஹெல்மெட் போடாத போலீஸுக்கு யார் ஃபைன் போடுவாங்க?"ன்னு ஒரு பிள்ளை கேட்டா, அந்த அதிகாரி சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றாரா, இல்லை "உட்காரு"ன்னு அதட்டுறாரான்னு பாருங்க. திட்டத்தோட தரம் அந்த ஒரு நொடியில் தெரிஞ்சிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பிள்ளைகள் மட்டும்தான் கத்துக்கணுமா? வாரா வாரம் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளோட பேசி, அவங்க வீட்டுக் கதையைக் கேட்கிற ஒரு கான்ஸ்டபிள், அடுத்த முறை ஸ்டேஷனுக்குப் பிடிச்சிட்டு வரப்பட்ட 15 வயசுப் பையனைப் பார்க்கும்போது வேற மாதிரி பார்ப்பார். ஓய்வில்லாத டியூட்டிக்கு நடுவில் இதையும் ஏத்துக்கிற காவலர்கள் இருக்காங்க. அவங்க இந்த வேலைக்குக் கொடுக்கிற நேரத்தை டியூட்டியாகவே கணக்கில் எடுத்துக்கணும். 'எக்ஸ்ட்ரா வேலை'ன்னு ஆச்சுன்னா, முதல்ல கைவிடப்படுறதும் அதுதான்.

உங்க ஸ்கூல்ல இருந்தா, இதைக் கேளுங்க!

நீங்க பள்ளி மாணவரா இருக்கலாம். தம்பியோ தங்கச்சியோ பள்ளியில் படிக்கலாம். "போலீஸ் புரோகிராம்ல சேர்க்கலாமா?"ன்னு வீட்டுல கேட்டா, கண்ணை மூடிட்டு சரின்னும் சொல்ல வேண்டாம், வேண்டாம்னும் சொல்ல வேண்டாம். இதையெல்லாம் கேட்டுப் பாருங்க.

* எத்தனை நாளைக்கு ஒரு வகுப்பு? அதே அதிகாரி தொடர்ந்து வர்றாரா?

* யாரைத் தேர்ந்தெடுக்குறாங்க? மார்க் குறைவான பிள்ளைக்கு இடம் இருக்கா?

* சட்டம் சொல்லித்தரும்போது கடமைகள் மட்டுமா, உரிமைகளும் உண்டா?

* பயிற்சி நேரத்தில் பள்ளி ஆசிரியர் கூடவே இருக்காங்களா? பெண் பிள்ளைகளுக்குப் பெண் காவலர் இருக்காங்களா? பயிற்சியாளர் மேலயே புகார் இருந்தா யார்கிட்ட சொல்றது?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீங்க. பெரியவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து இயங்கும் எந்த இடத்துக்கும், அது டான்ஸ் கிளாஸா இருந்தாலும் போலீஸ் கேம்ப்பா இருந்தாலும், இந்தக் கேள்வி அவசியம்.

திட்டத்துல சேராதவங்களும் தெரிஞ்சு வச்சுக்கலாம்

எஸ்.பி.சி-யோ சிற்பியோ உங்களுக்குக் கிடைச்சிருக்காது. பரவாயில்லை, ஒரு கேடட் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதில் சிலதை இங்கேயே தெரிஞ்சுக்கோங்க.

* 18 வயது நிரம்பாத யாரையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015 இதைத் தெளிவா சொல்லுது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல அதிகாரியா ஒரு போலீஸ் அதிகாரி இருக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது.

* சாட்சி விசாரணைக்காக 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும், எந்த வயதுப் பெண்களையும், அவங்க வசிக்கும் இடத்தைவிட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது.

* எஃப்.ஐ.ஆர் பதிவானா, புகார் கொடுத்தவருக்கு அதோட நகலை இலவசமா தரணும்.

* புகார் கொடுத்துட்டு வெறும் கையோட திரும்பாதீங்க. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் சி.எஸ்.ஆர் ரசீது கேட்டு வாங்குங்க.

* குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெண்களுக்கு 181. ஆன்லைனில் பணம் போச்சுன்னா உடனே 1930.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டாலும் சரி, குடும்ப குரூப்ல ஃபார்வேர்டு பண்ணாலும் சரி.

முதல்ல ஒரு டெஸ்ட் வச்சோமே, ஞாபகம் இருக்கா? பஸ்ல காணாமப் போன மொபைல். 13 வயசுல ஸ்டேஷன் உள்ளே போய் வந்த ஒரு பொண்ணு, 20 வயசுல தன் மொபைலைத் தொலைச்சா, 'யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?'ன்னு தேட மாட்டா. நேரா போவா, எழுதிக் கொடுப்பா, சி.எஸ்.ஆர் வாங்கிட்டுத்தான் வெளியே வருவா. தரலைன்னா, "ஏன் சார்?"னு கேட்பா.

அந்த "ஏன் சார்?" என்ற கேள்வியைக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்குக் கோபம் வராம இருந்தா, அன்னைக்கு இந்தத் திட்டம் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லலாம். அதுவரைக்கும், வீட்டுல சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஒரே ஒரு உதவி பண்ணுங்க... போலீஸ்காரரைக் கூப்பிடாதீங்க, பூச்சாண்டியையே கூப்பிடுங்க!